ஜலகண்டக்காரன் பிடித்த மீன்!

எனக்குத் தண்ணீரில் கண்டம். இது நான் சொன்னதல்ல. நான் பிறந்த பதினோராம் நாள் ஜாதகம் கணித்த ஜோசியர் சொன்னது. அன்றிலிருந்து அம்மா என்னைக் குளத்துக்கு விடவில்லை, ஆற்றுக்கு விடவில்லை. குளியலறைக்குப் போனால்கூட, "தாழ்ப்பாள் போடாதேடா" என்று வெளியே நின்று குரல் கொடுப்பாள். விளைவு? வயது முப்பத்தைந்து, பி.காம். பட்டம், ஒரு மனைவி, ஒரு குழந்தை எல்லாம் ஆன பிறகும் எனக்கு நீச்சல் தெரியாது.

அப்பேர்ப்பட்ட நான், போன ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், ஆள் அரவமே இல்லாத ஒரு காட்டுக்குளத்தின் நட்டநடுவில், பன்னிரண்டு அடி நீள பிளாஸ்டிக் ஓடு ஒன்றுக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கையில் தூண்டில். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் மீன் மசாலா.

அந்த ஓட்டுக்குப் பெயர் கயாக். புடலங்காயை நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மனுஷனை வைத்தால் எப்படியிருக்குமோ, அப்படி! மாநிலத்தின் பெயர் மேய்ன். 'மீன்' என்று படித்தாலும் பெரிய தப்பில்லை.

என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என் மாமா பையன். என்னைவிட ஒரு வயசு பெரியவன். ஆனால் எங்களுக்குள் 'மச்சான், வாடா, போடா'தான். பதினாலு வருஷமாக பாஸ்டன் பக்கத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை நியூஜெர்சியில் கொண்டுபோய் விடும் வேலை எனக்கு வாய்த்தது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு மச்சானைப் பார்க்காமல் போவதா?' என்று பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். மாமா கொடுத்தனுப்பிய முறுக்கையும் வடு மாங்காயையும் வாங்கி வைத்துக்கொண்டவன், "நாளைக்கு டிரவுட் பிடிக்கப் போறோம்" என்றான்.

"நாளைக்குப் புதன்கிழமையாச்சே. ஆபீஸ் இல்லையா?"

"லீவு."

நம் ஆட்கள் புதன்கிழமை லீவு போட்டால் ஒன்று காய்ச்சல், இல்லை கல்யாணம். இவனுக்கு இரண்டும் இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மனசு முழுக்க வறுத்த மீன்.

*

மீன் பிடிப்பது எங்கள் இரண்டு பேருக்கும் புதுசில்லை. பாபநாசத்தில் இருந்தபோது கற்றுக்கொண்டது. குரு, மாமாதான். கூட்டுறவு வங்கியில் காசாளர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குடமுருட்டிக் கரைக்குப் போவார். (அம்மாவிடம் சொல்வது: கோயிலுக்கு!) மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, நெட்டித் தக்கை, கொட்டாங்குச்சியில் ஈர மண்ணோடு மண்புழு. ஒரு கையால் கழியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜோசியர் மேல் அவருக்கும் கொஞ்சம் பயம்தான்.

பாதி நேரம் என்ன நடக்கும் என்றால், கெண்டைகள் வந்து புழுவை மட்டும் நோகாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். வெறும் முள் மேலே வரும். மச்சான் முகம் அழுகைக்குத் தயாராகும். மாமா நரம்பை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார். "முள்ளு இருக்குல்ல? புழு கோத்துக்கலாம், விடு."

*

விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். காரின் தலையில் இரண்டு கயாக். வடக்கே, வடக்கே, இன்னும் வடக்கே. மூஸ்ஹெட் ஏரிக் கரையில் கிரீன்வில் என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டியதும் தார் ரோடு விடைபெற்றுக்கொண்டது. மிச்சமெல்லாம் மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண் ரோடு. எதிரே மரம் ஏற்றிய ராட்சச லாரி வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். ரோடு அவர்களுடையது. திருச்சி தஞ்சாவூர் ரோட்டில் மணல் லாரிகளுக்கு ஒதுங்கிப் பழகியவன் என்பதால் நான் அசரவில்லை.

"காடு யாருடையதுடா? கவர்மென்ட்டா?"

"பெரும்பாலும் தனியார் காடு. ஆனா குளம் மட்டும் எல்லாருக்கும் சொந்தம்."

இது எனக்குப் பிடித்தது. மேய்ன் தனி மாநிலமானது 1820-ல். அதற்கு முன் அது மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. அங்கே காலனி ஆட்சிக் காலத்தில், 1640-களில், ஒரு சட்டம் போட்டார்கள். இயற்கையாக அமைந்த, பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நீர்நிலை எதுவானாலும் அது 'பெருங்குளம்'. அது பொதுச்சொத்து. அதில் மீன் பிடிக்க, பயிர் செய்யாத நிலம் வழியாக யாரும் நடந்து போகலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் சரி! கிட்டத்தட்ட நானூறு வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சட்டம் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள்... 'நடந்து' போகலாம். மாநிலத்தின் வட பகுதியில் 170-க்கும் மேற்பட்ட குளங்களை 'எட்டாக் குளங்கள்' என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அரை மைல் சுற்றளவுக்குள் சாதாரண கார் வரக்கூடிய ரோடு இருக்கக்கூடாது என்பது அந்தக் குளங்களின் இலக்கணம். ரோடு போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் மீன் இருக்காது. நம்மூரில் ஒரு நல்ல இடம் இருந்தால் முதல் காரியமாக ரோடு போடுவோம். இரண்டாவது காரியமாக பஜ்ஜிக் கடை. இங்கே ரோடு போடாமல் இருப்பதற்குச் சட்டம்!

நாங்கள் போனதும் அப்படி ஒரு குளம்தான். பெயர் சொல்ல மாட்டேன். மச்சான் சத்தியம் வாங்கியிருக்கிறான். தூண்டில்காரர்கள் சம்பளத்தைக்கூடச் சொல்வார்கள், குளத்தைச் சொல்ல மாட்டார்கள்.

*

அரை மைல் என்றால் எண்ணூறு மீட்டர். கேட்பதற்கு என்னவோ தெருமுனை வரைக்கும் போகிற மாதிரிதான் இருக்கிறது. ஆளுக்கொரு கயாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வேரும் பாறையும் சகதியுமான ஒற்றையடிப் பாதையில் போய்ப் பாருங்கள், தெரியும்! ஒன்று இருபத்தைந்து கிலோ. கடைசியில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, முன்னால் அவன், பின்னால் நான், இரண்டு கையிலும் இரண்டு பிடி. ஸ்ரீபாதம் தாங்கிகள் சுவாமி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். நாயனம் மட்டும்தான் இல்லை. நாயனத்துக்குப் பதிலாகக் காதுக்குள் 'ங்ஙொய்...' என்று ஒரு சத்தம்.

பிளாக் ஃப்ளை! கறுப்பாக, கடுகு சைஸில் ஒரு ஈ. கடித்தது தெரியாது. ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். காவிரிக் கொசுவிடம் பயிற்சி பெற்ற என் காது மடலே பத்து நிமிஷத்தில் போண்டா சைஸ் ஆகிவிட்டது.

"சந்தோஷப்படுடா. சாக்கடையில வளர்ற ஜென்மம் இல்ல இது. சுத்தமா ஓடுற தண்ணியிலதான் முட்டையிடும். ஈ கடிக்குதுன்னா தண்ணி நல்லாயிருக்குன்னு அர்த்தம்" என்றான்.

இப்படி ஒரு தரச் சான்றிதழை நான் எங்கேயும் வாங்கியதில்லை.

பிறகு மரங்கள் விலகின. குளம்.

என்ன சொல்வது... சுற்றிலும் ஊசியிலை மரம், நடுநடுவே வெள்ளைப் பட்டையோடு பிர்ச் மரம், தூரத்தில் ஒரு மலை. அத்தனையும் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு தடவை இருந்தது. நடுவில் 'லூன்' என்கிற நீர்ப்பறவை ஒன்று ஒப்பாரிக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு குரல் கொடுத்தது. செல்போனைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

"இங்க சிக்னல் வராது. அதுக்குத்தான் இங்க வர்றது" என்றான் மச்சான்.

*

கயாக்கில் ஏறுவதற்கு முன் பாடம் நடந்தது. முதலில் மிதவை அங்கி. கொக்கி மாட்டி, இழுத்துப் பார்த்து, தோளைப் பிடித்து மேலே தூக்கி, கழன்று வருகிறதா என்று சோதித்தான். பிறகு ஒரு கணக்குச் சொன்னான். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர்களுக்காக வைத்திருக்கிற கணக்கு: 1-10-1.

"முதல் ஒரு நிமிஷம் மூச்சு தாறுமாறா இழுக்கும். பயத்துல வாயைத் திறந்தா தண்ணி உள்ள போயிடும். அப்ப ஒரே வேலை, மூச்சைக் கட்டுக்குள்ள கொண்டுவர்றது. அடுத்த பத்து நிமிஷம் கை, கால் சொன்ன பேச்சு கேக்கும். அதுக்குள்ள படகைப் பிடிக்கணும். அதுக்கப்புறம் கை மரத்துப் போயிடும். ஆனா நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதனால அங்கி போட்டிருந்தா, பயப்படாம மிதந்தாலே பொழைச்சுக்கலாம். இது ஐஸ் மாதிரி தண்ணிக்கான கணக்கு. ஜூன்ல அவ்வளவு மோசமில்ல."

"என் ஜாதகத்துல..."

"தெரியும். உக்காரு."

உட்கார்ந்தேன். கயாக் இடப்பக்கம் சாய்ந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்தேன். அது என்னைவிட வேகமாக வலப்பக்கம் சாய்ந்தது. "இடுப்புக்கு மேல ஆடாதே! மூக்கு நேரா பாரு!" என்று கத்தினான். குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு துடுப்பைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒன்று புரிந்தது. நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கிறது. நாம் பதறினால் அது கவிழ்க்கப் பார்க்கிறது. எங்கள் பழைய மேனேஜர் மாதிரி.

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த தூண்டில் முள்ளைத் தண்ணீரில் விட்டு, கழியைப் பக்கத்துப் பிடியில் சொருகிவிட்டு, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பொய்ப் பூச்சி பின்னாலேயே நீந்தி வரும். மச்சான் மட்டும் தன் கயாக்கில் உட்கார்ந்தபடி நரம்பை முன்னும் பின்னும் சாட்டை மாதிரி சுழற்றி வீசினான். நானும் ஒரு தடவை வீசிப் பார்த்தேன். முள் போய் மாட்டியது என் தொப்பியில். இரண்டாவது தடவை அவன் தொப்பியில். பிறகு என்னை வீச விடவில்லை.

"ஏண்டா, மண்புழு கிடையாதா? ஒரு குஞ்சு மீனைக் கோத்துப் போட்டா வேலை முடிஞ்சுது!"

"அதுதான் இங்க பெரிய பாவம். இந்த மாதிரிக் குளத்துல உயிர் மீனை இரையா கொண்டு வரவே கூடாது."

காரணம் இருக்கிறது. இது புரூக் டிரவுட். பெயரில்தான் டிரவுட், உறவு முறையில் 'சார்' என்கிற மீன் வகை. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கிய போது இந்தக் குளங்களுக்கு வந்து சேர்ந்த பரம்பரை. குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் போனால் திணறிப்போகும். இலையுதிர் காலத்தில், அடியில் ஊற்று கசிகிற சரளைக்கல் பார்த்து முட்டையிடும். நாலைந்து வருஷம் இருந்தால் தீர்க்காயுசு. போட்டிக்கு வேறு மீன் வந்தால் தாக்குப் பிடிக்காது. யாரோ ஒருத்தர் மிச்சமான இரை மீன்களைப் 'போங்கடா ராசா' என்று குளத்தில் கொட்டிவிட்டுப் போனால் போதும், ஆயிரக்கணக்கான வருஷத்துக் குடித்தனம் காலி. அதனால்தான் 2005-ல் இதை மாநிலத்தின் பாரம்பரிய மீனாக அறிவித்து, பட்டியலிட்ட குளங்களில் உயிர் மீன் இரையைத் தடை செய்தார்கள்.

நம் நீலகிரியிலும் டிரவுட் உண்டு. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அது வந்து குடியேறியது. இது இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது. இதைச் சொன்னபோது மச்சான் ஏனோ கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

மத்தியானம் ஒரு மணி வரை ஒன்றும் கடிக்கவில்லை. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? மனசுக்குள் கணக்குப் போட்டேன். பற்று: பெட்ரோல், மீன் பிடி லைசென்ஸ், காட்டு வாசலில் கட்டிய கட்டணம், ராத்திரி தங்கப் போகும் குடில், தலைக்கு வலை, என் காது. வரவு: பூஜ்யம். இந்தப் பணத்துக்குப் பாபநாசம் சந்தையில் ஒரு வருஷத்துக்கு விரால் வாங்கலாம்.

இரண்டு கயாக்கையும் ஒட்டி நிறுத்தி, ஒருத்தர் துடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டோம். அப்போதுதான் கேட்டேன்.

"மச்சான், இன்னிக்கு உனக்கு நெஜமாவே லீவா?"

மென்று முடித்துவிட்டுச் சொன்னான். "லீவுதான். நாப்பத்தோரு நாளா லீவு."

எனக்குப் புளியோதரை தொண்டையில் நின்றது.

"காலைல ஒம்பது மணிக்கு ஒரு வீடியோ கால். பதினைஞ்சு நிமிஷம். பதினோரு பேரை ஒரே கால்ல முடிச்சுட்டாங்க. மத்தியானம் மெயில் கூட திறக்கல. நான் சொன்னேன்ல, முதல் ஒரு நிமிஷம் மூச்சு தாறுமாறா இழுக்கும்னு... தண்ணியில விழாமயே எனக்கு இழுத்துச்சு."

அவன் இருப்பது எச்-1பி விசாவில். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி அவனுக்காக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு வழி தேட வேண்டும். பதினாலு வருஷம் இருந்தும் கிரீன் கார்டு இல்லையா என்று கேட்காதீர்கள். வேலை வழியாக ஒரு வருஷத்தில் கொடுக்கும் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எத்தனை நீளம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"மாமாவுக்கு?"

"தெரியாது. போன வருஷம்தான் ஸ்டென்ட் வெச்சிருக்கு. 'நெஞ்சு வலிக்குதாப்பா?'ன்னு தினம் நான் கேக்கறேன். 'வேலை எப்படிடா போகுது?'ன்னு தினம் அவர் கேக்கறார். ரெண்டு பேரும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிக்கறோம்."

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். 'எல்லாம் நன்மைக்கே' தவிர வேறொன்றும் வரவில்லை. அதைச் சொன்னால் என்னைக் கவிழ்த்துவிடுவான் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

"எண்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டுட்டேன். முக்காவாசிக்குப் பதிலே கிடையாது. ஏன் எடுக்கலேன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. இங்க வந்தா பரவாயில்ல. மீன் ஏன் கடிக்கலேன்னு காரணமாவது தெரியும். வெயில் ஏறிடுச்சு, அது ஆழத்துக்குப் போயிடுச்சு. சாயங்காலம் மேல வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நாளைக்கு."

*

ஆறரை மணிக்கு மேல் காற்று நின்றது. தண்ணீரின் மேல் சின்னச் சின்னப் பூச்சிகள் அடியிலிருந்து வந்து, இறக்கையை உலர்த்திக்கொண்டு பறக்கத் தொடங்கின. அங்கே ஒரு வட்டம். இங்கே ஒரு வட்டம். மழைத்துளி விழுந்த மாதிரி. ஆனால் இது மேலிருந்து விழுந்ததல்ல, கீழிருந்து வந்த வாய்!

மச்சான் வரிசையாக மூன்று பிடித்தான். மூன்றையும் விட்டான். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருந்ததால் மீனுக்கு அதிகக் காயமில்லாமல் கழன்று வந்தது. "சட்டப்படி இந்தக் குளத்துல ரெண்டு எடுக்கலாம். ஆனா நான் எடுக்கறதில்ல. இதுக்குப் பேரு கேட்ச் அண்ட் ரிலீஸ்" என்றான். என் மசாலாப் பொட்டலம் சட்டைப் பைக்குள் பெருமூச்சு விட்டது.

அப்போது என் கழி வளைந்தது.

வளைந்தது என்றா சொன்னேன்? வில்லானது! "மச்சான்ன்ன்!" என்று நான் போட்ட சத்தத்தில் லூன் பறந்துவிட்டது.

"நுனியைத் தூக்கு! நரம்பைத் தொய்ய விடாதே! இழுத்தா கொஞ்சம் விடு! விட்டா சுத்து!"

கயாக் மீன் இழுத்த திசையில் தானாகத் திரும்பியது. நான் மீனைப் பிடித்திருக்கிறேனா, மீன் என்னைப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு நிலைமை. ஜலகண்டம் மறந்துவிட்டது. இடுப்புக்கு மேல் நான் ஆடவே இல்லை. மச்சான் அருகே வந்து ரப்பர் வலையைத் தண்ணீருக்குள் நீட்டி, அலுங்காமல் ஏந்தினான்.

பதின்மூன்று அங்குலம். முதுகில் பாசி நிறத்தில் புழு ஊர்ந்த மாதிரி கோலம். விலாவில் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். வயிறு அந்திச் சூரியன். கீழ்த் துடுப்புகளின் ஓரத்தில் பால் வெள்ளையாக ஒரு கரை, பட்டு வேட்டிக்குப் போட்ட மாதிரி. இப்படி ஒரு மீனை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

"உன் மீன். எடுத்துக்கறதும் விடறதும் உன் இஷ்டம்" என்றான் மச்சான்.

நான் யோசித்தேன். ஒரு பக்கம் மசாலா. மறு பக்கம் அந்த நீல வளையம். "முதல்ல ஒரு போட்டோ எடுடா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மீன் உடம்பின் வழவழப்புதான் அதற்குக் கவசம், காய்ந்த கையால் தொட்டால் உரிந்துவிடும் என்று சொல்லியிருந்தான். கையை நனைத்துக்கொண்டு தூக்கினேன். அவன் செல்போனை எடுத்தான். "சிரி" என்றான். சிரித்தேன்.

சளக்!

போட்டோவில் நான் இருக்கிறேன், என் சிரிப்பு இருக்கிறது, இரண்டு வெறும் கை இருக்கிறது. முடிவெடுத்தது நானல்ல. மீன்.

மச்சான் சிரித்தான் பாருங்கள்... நாற்பத்தோரு நாள் சிரிப்பு! மூச்சு வாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "எங்க கம்பெனியும் இதேதாண்டா. பிடிச்சாங்க, பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க, விட்டுட்டாங்க. கேட்ச் அண்ட் ரிலீஸ்!"

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் நிறுத்திவிட்டு, மீன் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டம் விரிந்து விரிந்து கரைக்குப் போனது.

கரைக்கு வந்து இறங்கும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். இன்னொரு கால் கயாக்கோடு போய்விட்டது. தொப்! ஆழம், முழங்கால். ஆனால் அந்த ஒரு நிமிஷ மூச்சு இருக்கிறதே, அவன் சொன்னது நிஜம். ஜோசியர் சொன்னதும் நிஜம்தான். கண்டத்தின் அளவைத்தான் அவர் சொல்லவில்லை.

*

இருட்டில் கயாக்கைத் தூக்கி வந்து, மண் ரோட்டைக் கடந்து, கிரீன்வில்லை நெருங்கியபோது ராத்திரி பத்து மணி. இரண்டு செல்போனும் ஒரே சமயத்தில் 'டிங், டிங்' என்று உயிர் பெற்றன. மச்சான் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினான். மெயில்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"ஊர்ல இப்ப மணி ஏழரை. அப்பா பேப்பர் படிச்சிட்டிருப்பார்" என்றான்.

நான் காபி வாங்கும் சாக்கில் இறங்கிக் கடைக்குள் போனேன். தேவையில்லாத ஒரு கீசெயின், ஒரு பாக்கெட் பிஸ்கட் எல்லாம் வாங்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவன் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தபோது போனை மடியில் வைத்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"மாமா என்ன சொன்னார்?"

"முதல்ல ஒண்ணும் சொல்லல. நான் பயந்துட்டேன். அப்புறம், 'இத்தனை நாள் சொல்லாம தனியாவாடா வெச்சிருந்தே?'ன்னார். அப்புறம் 'இப்ப எங்க இருக்கே?'ன்னார். மீன் பிடிக்கப் போயிட்டு வர்றோம்னேன்." மச்சான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "'முள்ளு இருக்குல்ல? புழு கோத்துக்கலாம், விடு'ன்னார்."

அந்த ராத்திரி குடிலில் மீன் மசாலா போட்டு ஆறு முட்டை வறுத்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஊர் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலை வேளை வாட்ஸ்அப்பில் மச்சானிடமிருந்து செய்தி. 53-ம் நாள் வேறு ஒரு கம்பெனி அவனுக்காக மனுப் போட்டுவிட்டது. சின்னக் கம்பெனி, வேறு மாநிலம், சம்பளமும் குறைவு. அதையெல்லாம் அப்புறம் போனில்தான் சொன்னான். செய்தியில் இருந்தது இரண்டே வார்த்தை.

'புழு கோத்தாச்சு.'